நாற்காலி வேண்டாம் என்கிறார் அப்பா

கேள்வி: பாபநாசத்தில் வசிக்கும் என் பெற்றோர் திருச்சியிலிருந்து முதன்முறையாகச் சிங்கப்பூருக்கு வருகிறார்கள். அப்பாவுக்கு 78 வயது, முட்டிவலி. அம்மாவுக்கு 72, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சக்கர நாற்காலி என்றாலே அப்பாவுக்குக் கோபம் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: "தினமும் வயலுக்கு நடக்கிறவனுக்கு நாற்காலியா?" என்பார். நியாயம்தான். ஆனால் விமான நிலையத்தில் ஆளைக் களைக்க வைப்பது நடை அல்ல, நிற்பது. பெட்டி போட ஒரு வரிசை, குடியேற்றச் சோதனைக்கு ஒன்று, பாதுகாப்புச் சோதனைக்கு இன்னொன்று. விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் உட்கார்ந்திருப்பதுதான் இதில் சுலபமான பகுதி. நாற்காலியோடு வழிகாட்ட ஓர் ஆளும் வருவார். "அம்மாவுக்குத் துணைக்கு ஆள்" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் மசிவார்கள்.

புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பாவது விமான நிறுவனத்திடம் பதிவு செய்துவிடுங்கள். தூரம் நடக்க முடியாதவர், படியும் ஏற முடியாதவர், இருக்கைவரை கொண்டுபோய் விட வேண்டியவர் என மூன்று வகை உண்டு. பலர் கௌரவம் பார்த்து முதல் வகையைச் சொல்லிவிட்டு, விமானப் படிக்கட்டின் கீழே தவிக்கிறார்கள். அப்பா வீட்டு மாடி ஏறுகிறாரா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கு அறையின் குளிரில் உறைந்தால் மருந்து பயனற்றுப் போகும். மருத்துவர் சீட்டும் கூடவே இருக்கட்டும். ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. தட்டு கைக்கு வந்த பிறகே ஊசி. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது என்பதால், வேளைக் கணக்கை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பெரியவர்கள் வழக்கம். நடைபாதை ஓர இருக்கை வாங்கிக் கொடுங்கள், அந்தப் பயம் பாதி குறையும். உட்கார்ந்தபடியே கணுக்காலை அவ்வப்போது அசைக்கச் சொல்லுங்கள்.

பெட்டியைக் கட்டும்போது யாராவது பக்கத்தில் இருப்பது நல்லது. குருமாவுக்கென்று அம்மா கசகசா வைத்துவிடுவார். சிங்கப்பூரில் அதற்குத் தடை. அப்பாவின் வெற்றிலைச் செல்லத்துப் புகையிலைக்கும் அதே கதிதான். கொப்பரையை விமானத்திலேயே ஏற்றமாட்டார்கள். சிங்கப்பூருக்கான இணையவழி வருகை அட்டையை, வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள், அங்கிருந்தபடி நீங்களே நிரப்பிவிடலாம். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள்.