அத்தையிடம் கேட்கலாமா?

வணக்கம் சார்,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை.

போன மாதம் ‘ஈடா’ என்ற போலந்துப் படம் பார்த்தேன். அநாதை என்று சொல்லப்பட்டுக் கன்னியர் மடத்தில் வளர்ந்த பெண், கன்னியாஸ்திரீயாக வார்த்தைப்பாடு கொடுப்பதற்குச் சில நாள் முன்பு தான் யூதப்பெண் என்று தெரிந்துகொள்கிறாள். தாயின் சகோதரி வாண்டாவோடு சேர்ந்து பெற்றோர் புதைக்கப்பட்ட இடத்தைத் தேடிப் போகிறாள். படம் முடிந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் எங்கள் வீடு.

எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம் என்றுதான் அப்பா எல்லோரிடமும் சொல்வார், என்னிடமும். ஆயா இறந்தபின் அவருடைய டிரங்குப் பெட்டியில் பழைய குரூப் போட்டோ ஒன்று கிடைத்தது. புத்தர் படத்துக்கு முன்னால் கோட்டும் தலைப்பாகையுமாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். பின்பக்கம் பென்சிலில் ‘பௌத்த சங்கம், மாரிகுப்பம்’. அதன் கீழே தாத்தாவின் அப்பா பெயர். அப்பாவிடம் காட்டினேன். “எதுக்கு இப்ப அதெல்லாம்?” என்று வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். நல்லவேளை, அதற்கு முன்பே செல்போனில் எடுத்து வைத்திருந்தேன். இணைத்திருக்கிறேன். கோலார் தங்கவயலில் அப்பாவுக்கு ஓர் அக்கா இருக்கிறார் என்பதே பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். நான் பிறப்பதற்கு முன்பே பேச்சு நின்றுவிட்டதாம். அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் முகவரி கொடுத்திருக்கிறார்.

படத்தில் உண்மை தெரிந்தபின் வாண்டா தற்கொலை செய்துகொள்கிறார். ஓர் உயிரைக் கொல்லும் என்றால் அந்த உண்மையைத் தோண்டுவது சரியா? அப்பா மூடிவைத்ததைத் திறக்க எனக்கு என்ன உரிமை?

(பெயர் வேண்டாம்)
ராமமூர்த்தி நகர், பெங்களூரு

*

அன்புள்ள நண்பருக்கு,

போய்க் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் படத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் நீங்கள் அதைப் புரிந்துகொண்ட விதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத படம்.

பாவெல் பாவ்லிகோவ்ஸ்கி 2013இல் எடுத்தது. கதை நடப்பது 1962இல். 2015இல் வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. கறுப்பு வெள்ளை, அசையாத கேமரா, ஆட்களைச் சட்டகத்தின் அடியில் நிறுத்திவிட்டுத் தலைக்கு மேல் வெறுமையாக விடும் கோணம் என்று இதன் அழகைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். என் மனதில் நிற்பது வாண்டாதான்.

வாண்டா நீதிபதி. ஸ்டாலின் காலத்தில் அரசு வழக்கறிஞராக இருந்து ஆட்களை மரண தண்டனைக்கு அனுப்பியவள். போரின்போது தன் சின்ன மகனை ஈடாவின் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போராடப் போனவள். பழைய வீட்டின் தொழுவத்துக்குப் போகும்போது ஈடாவின் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறாள்: மாடுகள் அழகானதைப் பார்க்கட்டும் என்று அந்தத் தொழுவத்து ஜன்னலுக்கு வண்ணக் கண்ணாடி செய்து வைத்தாளாம். எப்படிச் செத்தாள் என்பதைவிட இதுதான் ஈடாவுக்கு அம்மாவைக் கொண்டுவந்து கொடுக்கிறது. இந்த மாதிரி விவரம் எந்த ஆவணத்திலும் இருக்காது. கூட இருந்தவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

பிறகு அந்தக் காடு. அந்தப் பழைய வீட்டில் இப்போது குடியிருக்கும் ஃபெலிக்ஸ் குழியைத் தோண்டுகிறான், தான்தான் கொன்றேன் என்கிறான். ஈடா கைக்குழந்தை, யூதக் குழந்தை என்று பார்த்தால் தெரியாது, அதனால் பாதிரியாரிடம் விட்டானாம். வாண்டாவின் பையன் கறுப்பு, சுன்னத் செய்தவன், அதனால் அவனையும் கொன்றான். வாண்டா மகனின் எலும்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நடக்கிறாள். லூப்ளினில், செடி மண்டிக் கிடக்கும் யூதக் கல்லறையில் புதைக்கிறார்கள். அதன்பின் ஈடா மடத்துக்குத் திரும்புகிறாள். வாண்டா தன் பிளாட்டுக்குத் திரும்புகிறாள். அங்கே யாரும் இல்லை. ஒருநாள் இசைத்தட்டை ஓடவிட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்துவிடுகிறாள்.

மகன் வரமாட்டான் என்பது வாண்டாவுக்குப் பல வருடமாகத் தெரியும். தெரிந்துகொண்டே குடித்தாள், தீர்ப்பு எழுதினாள், வாழ்ந்தாள். குழியைத் திறந்த பிறகு அவளோடு உட்கார ஆள் இல்லாமல் போனதுதான் எனக்கு வலிக்கிறது. தேடி வந்தவளுக்கு வேண்டியது கிடைத்தது, போய்விட்டாள். ஈடா சின்னப் பெண், அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவரைப் பேசவைத்தவருக்கு, அவர் பேசி முடித்த பிறகும் பொறுப்பு இருக்கிறது. உங்கள் விஷயத்தில் நான் சொல்ல விரும்புவதும் இதைத்தான்.

உங்கள் போட்டோவுக்கு வருகிறேன். அப்பா சொல்வது முழுப்பொய் இல்லை. 1880களிலிருந்து தங்கவயலுக்குப் பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்களில் ஏராளமானவை பழைய வட ஆற்காட்டிலிருந்து கிளம்பியவைதான். வேலூர் அந்த மாவட்டம்தான். நடுவில் இருந்த தலைமுறைகளை மட்டும் அவர் விழுங்கிவிட்டார். அந்தத் தலைமுறைகள் சாதாரணப்பட்டவை அல்ல. தாழ்த்தப்பட்டோர் ஆதியில் பௌத்தர்களே என்று சொன்ன அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னை ராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ். சங்கத்துக்குத் தங்கவயல் பகுதிகளான மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் கிளைகள் இருந்தன. 1914இல் அவர் மறைந்தபின், 1926இல் ‘தமிழன்’ இதழை அவர் வழிவந்த அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மறுபடி நடத்தினார். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து சுரங்கக் கம்பெனியை அசைத்ததும் இந்த ஜனங்கள்தான். எப்போது ஏர் பிளாஸ்ட் வந்து பாறை இடிந்து விழும் என்று தெரியாத பள்ளத்தில் வேலை. நுரையீரல் முழுக்கக் கல்தூசி. ஷிப்ட் முடிந்து மேலே ஏறி வந்தவர்கள் குளித்துவிட்டுக் கூடி உட்கார்ந்து பத்திரிகை வாசித்தார்கள், பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்கிற ஒரு மார்க்கத்தைத் தங்கள் பூர்வீக மார்க்கம் என்று அறிவித்தார்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் மடியில் ஒரு பத்திரிகை விரிந்திருக்கிறது. நான் படிக்கிறவன் என்று கேமராவிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார் அந்த மனிதர். உங்கள் அப்பா சாதியை மறைக்கப்போய், அதோடு சேர்த்து இவரையும் மறைத்துவிட்டார் என்பதுதான் என் வருத்தம்.

அதற்காக அப்பாவைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நகரத்தில் வீடு காட்ட வரும் புரோக்கர் முதலில் கேட்பது “வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?”. அடுத்தது “நீங்க என்ன ஆளுங்க?”. தங்கவயல் என்று சொன்னாலே, சுரங்கத்தில் இறங்கினவன் என்று சாதிக் கணக்குப் போடுகிறவர்கள் இங்கே உண்டு. 1991 டிசம்பரில் காவிரி இடைக்கால உத்தரவு கெஜட்டில் வந்ததும் இங்கே தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். தமிழன் என்பதையே வெளியில் சொல்ல முடியாத நாட்கள் அவை. இதையெல்லாம் பார்த்தவர் மகளுக்கு இந்தச் சுமை வேண்டாம் என்று முடிவெடுத்திருப்பார். படத்தில் மூடிமறைத்தவன் கொன்றவன். உங்கள் வீட்டில் மறைத்தவர் அடிபட்ட தரப்பு ஆள். அவர் முன்னால் விசாரணை அதிகாரி மாதிரிப் போய் நிற்காதீர்கள்.

என்ன உரிமை என்று கேட்டீர்கள். போட்டோவில் இருப்பவர் உங்களுக்குக் கொள்ளுத்தாத்தா. தெரிந்துகொள்ளும் உரிமை முழுசாக உங்களுக்கு உண்டு. அதை ஊருக்குச் சொல்வது வேறு விஷயம். அப்பா சம்மதிக்காமல் பேஸ்புக்கிலோ சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள்.

போவதற்கு முன் அம்மாவிடம் பேசுங்கள். முகவரி கொடுத்தவர் அவர். கோபம் வந்தால் அவர் தலையில்தான் விடியும். அவர் சரி என்றபின் அப்பாவிடம் சொல்லுங்கள். அனுமதி கேட்க வேண்டியதில்லை, “அத்தையைப் பாக்கப் போறேன்ப்பா” என்றால் போதும். ஒருவேளை அவரும் வருவார்.

அத்தை வீட்டு வாசலில் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். படத்தில் வாண்டாவும் ஈடாவும் வந்து நின்றதும் அந்தக் குடும்பத்துக்கு வருகிற முதல் பயம் வீடு போய்விடுமோ என்பதுதான். ஃபெலிக்ஸ் கடைசியில் போடும் நிபந்தனையும் வீட்டின் மேல் உரிமை கேட்கக் கூடாது என்பதே. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடியபின், கம்பெனி குவார்ட்டர்ஸ் யாருக்கு என்பது தங்கவயலில் ஆண்டுக்கணக்காக இழுத்த பிரச்சினை. இத்தனை காலம் கழித்துத் தம்பி மகள் வந்து நின்றால், பங்கு கேட்க வந்தாளோ என்று அத்தைக்குத் தோன்றாமல் இருக்காது. காப்பி கைக்கு வருமுன்னே சொல்லிவிடுங்கள்: “அத்தே, வீடு வாசல் எதுவும் எனக்கு வேணாம், உங்களைப் பாக்கத்தான் வந்தேன்.”

முதல் தடவை சாதியையும் எடுக்காதீர்கள், சண்டையையும் எடுக்காதீர்கள். ஆயாவைப் பற்றிக் கேளுங்கள். ஷிப்டுக்குச் சங்கு ஊதும்போது அடுப்பில் என்ன இருக்கும், தாத்தா சம்பள நாளில் என்ன வாங்கி வருவார் என்று கேளுங்கள். அந்தத் தொழுவத்து வண்ணக் கண்ணாடி மாதிரி ஏதாவது ஒன்று அப்போதுதான் வந்து விழும். போனில் ரெக்கார்டிங் வேண்டாம். பேச்சு ஏன் நின்றது என்பதை அவராகச் சொல்லும்போது சொல்லட்டும். அன்றைக்கு ராத்திரி அவரைத் தனியாக விட்டுவிட்டு ரயில் பிடிக்காதீர்கள், தங்குங்கள். ஊர் வந்ததும் போன் செய்யுங்கள். பொங்கலுக்கு மறுபடி போங்கள். மாரிகுப்பம் வண்டி கே.ஆர்.புரத்தில் நிற்கும், உங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். திரும்பத் திரும்பப் போக உங்களால் முடியாது என்றால், இந்த ஒரு தடவையும் போக வேண்டாம் என்பேன்.

செல்போன் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போங்கள். அந்த வரிசையில் உங்கள் கொள்ளுத்தாத்தா ஒருவர்தான். மற்றவர்களின் பேரப்பிள்ளைகள் அதே லைனிலோ (தொழிலாளர் வீட்டு வரிசை) அடுத்த லைனிலோ இருக்கலாம், அத்தைக்கு அவர்களைத் தெரிந்திருக்கும். ஒரு பிரதியை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்.