ராலி ஓட்டிய அப்பா, கார்ட் கேட்கும் மகன்

கேள்வி: கோவையில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். இளவயதில் சில வருடங்கள் கார் ராலிப் பந்தயம் ஓட்டியிருக்கிறேன். மகனுக்கு 9 வயது. ஒருநாள் வாடகைக்குக் கிடைக்கும் கார்ட் (சின்னப் பந்தய வண்டி) ஓட்டிப் பார்த்தான், அன்றிலிருந்து அதே பேச்சு. “நரேன் கார்த்திகேயனின் அப்பாவும் ராலிக்காரர்தானே, உன் பையனுக்கும் ரத்தத்திலேயே இருக்கும்” என்கிறார்கள் நண்பர்கள். நம்பி இறங்கலாமா?

பதில்: நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய இந்தியர்கள் இதுவரை இரண்டே பேர். நரேன் கோவைக்காரர், அவர் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன். கருண் சந்தோக் சென்னைக்காரர், அவர் அப்பா விக்கி சந்தோக்கும் ராலி ஓட்டியவர். இருவருமே பந்தயக் குடும்பம்தான். ஆனால் இதற்கு ரத்தத்தைக் காரணம் சொல்ல மாட்டேன். எங்கே போய்க் கற்பது, எந்த வயதில் போவது, யாரைக் கேட்பது என்பது அந்த வீடுகளில் தெரிந்திருந்தது. அதுதான் பெரிய சொத்து.

1992-ல், 15 வயதில், நரேன் பிரான்ஸின் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குப் போனார். இணையம் இல்லாத காலத்தில் அப்படியொரு பள்ளி இருப்பதே இங்கே எத்தனை வீடுகளுக்குத் தெரிந்திருக்கும்? ஊர் திரும்பினால் ஓட்டுவதற்கு ஃபார்முலா மாருதி இருந்தது. கோவையின் கரிவரதன், மாருதி இன்ஜினை வைத்து உருவாக்கிய ஒற்றை இருக்கைக் கார் அது. செட்டிபாளையம் டிராக் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. பிறகு இங்கிலாந்து, 1996-ல் ஃபார்முலா ஏசியா பட்டம், 2001-ல் ஜாகுவார் அணியில் ஃபார்முலா ஒன் சோதனை ஓட்டம். ஜோர்டான் அணிக்காக மெல்போர்னில் முதல் பந்தயம் ஓட்டியது 2005-ல், 28 வயதில். பிரான்ஸ் போனதிலிருந்து கணக்குப் போட்டால் 13 வருடம்.

நெதர்லாந்தின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 17 வயதிலேயே ஃபார்முலா ஒன்னுக்கு வந்துவிட்டார். அவர் அப்பா யோஸ் ஃபார்முலா ஒன் ஓட்டியவர், அம்மா சோஃபி கும்பென் கார்ட்டிங் வீராங்கனை. 4 வயதில் கையில் கார்ட். அவர் வந்த பிறகுதான் ஃபார்முலா ஒன் ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு 18 வயது, கீழ்நிலைப் பந்தயங்களில் மூன்று சீசனில் 40 புள்ளி என்று விதியை இறுக்கினார்கள்.

பெயர் மட்டும் இருந்து பணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டேமன் ஹில். அப்பா கிரஹாம் ஹில் இருமுறை உலக சாம்பியன். 1975-ல் விமான விபத்தில் அவர் இறந்ததும் குடும்பம் கடனில் மூழ்கியது. டேமன் மோட்டார் சைக்கிளில் கூரியர் வேலை பார்த்தார். ஃபார்முலா ஒன்னுக்கு வரும்போது 31 வயது. 1996-ல் உலகப் பட்டம் வென்றார் என்பது வேறு விஷயம்.

உங்களிடம் இருக்கும் நல்ல முதலீடு ஒர்க்‌ஷாப். கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது, வளைவில் இரு வீலையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலும் கிடையாது. பின் வீல் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் ஒரே வேகத்தில் சுற்றுவதால், வளைவிலும் வண்டி நேராகப் போகத்தான் பார்க்கும். உள்பக்கப் பின் வீல் தரையைவிட்டுச் சற்று எழும்பினால்தான் திரும்பும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது காஸ்டர் கோணத்தால் (முன் வீல் திரும்பும் அச்சின் சாய்வு) உள்பக்க முன் வீல் கீழே அழுந்தும், சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) முறுக்கும், பின் வீல் எழும்பும். சீட்டைக் கொஞ்சம் நகர்த்தினாலே இது மாறிவிடும். இதைப் பையனுக்குக் கையால் தொட்டுக் காட்ட உங்களால் முடியும். பணம் கொட்டிக் கொடுக்கும் அப்பாக்கள் பலருக்கு அது வராது.

ஒரு நோட்டுப் போடுங்கள். ஓடுமுன் டயர் காற்று, ஓடியபின் காற்று, லாப் (டிராக்கில் ஒரு முழுச் சுற்று) நேரம், அவனுக்கு எப்படி இருந்தது. கடைசியது அவன் வாயால் வரவேண்டும், நீங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் வேறொரு பயிற்சியாளரிடம் விடுங்கள். மெக்கானிக்கும் அப்பாவுமாக நீங்கள் இருந்தால் போதும். திறமையை அளக்க ஒற்றை வேகமான லாப்பைப் பார்க்காதீர்கள். பத்து லாப் தொடர்ந்து ஓட்டும்போது நேரம் எவ்வளவு கூடிக் குறைகிறது என்று பாருங்கள்.

ஓராண்டு பயிற்சி ஓட்டம் மட்டும் போதும். பிறகு இந்திய மோட்டார் பந்தயச் சம்மேளனமான எஃப்எம்எஸ்சிஐயின் லைசென்ஸ் எடுத்து, தேசிய ரோட்டாக்ஸ் கார்ட் தொடரில் சிறுவர்களுக்கான மைக்ரோ மேக்ஸ் பிரிவு. கார்ட்டுக்கு அடுத்த படியான ஃபார்முலா ஃபோர் காருக்கு 15 வயது ஆகவேண்டும், ஆக உங்களுக்கு ஆறு வருடம் இருக்கிறது. பள்ளிப் படிப்பை அதற்காகக் குறைக்கவே வேண்டாம். செலவு டயரிலும் இன்ஜின் ஓவர்ஹாலிலும் ஊர் ஊராகப் போவதிலும் ஓடும். இரண்டு அணிகளிடம் ஒரு சீசன் செலவை எழுத்தில் வாங்குங்கள், சேதத்துக்குத் தனியே ஒரு தொகை ஒதுக்குங்கள். வீட்டை அடகு வைத்துத்தான் முடியும் என்றால் அந்த சீசன் வேண்டாம். இன்னொரு வருடம் வாடகை கார்ட் ஓட்டினால் ஒன்றும் கெட்டுப்போகாது.

முதலில் வாங்க வேண்டியது விலா எலும்புக் கவசம். கார்ட் சீட் சின்னப் பிள்ளைகளின் விலாவைக் கன்ற வைத்துவிடும். அடுத்தது ஹெல்மெட். பிள்ளைகளுக்கென்றே எடை குறைத்துச் செய்யும் சிஎம்ஆர் என்ற ஹெல்மெட் தரத்தில், கடைக்கு அவனையே கூட்டிப்போய், தலையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். உங்கள் பழைய ராலி ஹெல்மெட்டைத் துணி வைத்து இறுக்கி மாட்டிவிடத் தோன்றும். அதன் எடையை 9 வயதுக் கழுத்து தாங்காது.