வீட்டுப்பாட உதவியிலிருந்து வேலைத்திறன் பயிற்சிக்கு: கேள்வி பதில்

மாணவர்களுக்கு வீட்டுப்பாட உதவி விற்றுவந்த ஆன்லைன் நிறுவனங்கள் ஊழியர் பயிற்சிப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கின்றன. பலரும் பேசும் உதாரணம் அமெரிக்காவின் செக் (Chegg). 2005ல் தொடங்கி, பாடப்புத்தகங்களை வாடகைக்கு விட்டு, பிறகு மாதச் சந்தாவுக்கு வீட்டுப்பாட விடைகளைக் கொடுத்து வளர்ந்த நிறுவனம் அது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. புதிய சந்தாதாரர் வரவை அது பாதிக்கிறது என்று 2023 மே மாதம் செக் வெளிப்படையாகச் சொன்னதும் ஒரே நாளில் பங்கு விலை ஏறக்குறைய பாதியானது. 2025 அக்டோபரில் 45 விழுக்காட்டு ஊழியர்களைக் குறைப்பதாக அறிவித்துவிட்டு, புசு என்ற தன் மொழிப்பயிற்சிச் செயலியையும் வேலைத்திறன் பாடங்களையும் நம்பி நிற்கிறது. சிங்கப்பூரில் இதே முடிவை எடுக்க யோசிப்பவர்களும் அவர்களிடம் படிக்கப்போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

உட்லண்ட்ஸ், ஆன்லைன் துணைப்பாடம் நடத்துபவர்: சார், உயர்நிலை மாணவர்களுக்கு மாதச் சந்தாவில் தீர்வுகளும் காணொளிகளும் கொடுக்கிறோம். சந்தா குறைந்துகொண்டே வருகிறது. துணைப்பாடத்தை மூடிவிட்டு முழுக்க வேலைத்திறன் பக்கம் போய்விடலாமா?

எது குறைகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இங்கே துணைப்பாடச் செலவு குறையவில்லை. 2023 குடும்பச் செலவினக் கணக்கெடுப்பில் அது 1.8 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஐந்தாண்டுக்கு முன் 1.4 பில்லியன். பிள்ளையை உட்காரவைத்து, எங்கே சறுக்குகிறான் என்று பார்த்துச் சொல்லும் ஆசிரியருக்குப் பெற்றோர் இன்னும் பணம் தருகிறார்கள். விடைத் தொகுப்புக்குத்தான் தருவதில்லை.

ஆகவே உங்கள் வருமானத்தில் நேரடி வகுப்பு எவ்வளவு, தொகுப்புச் சந்தா எவ்வளவு என்று பிரியுங்கள். நேரடி வகுப்பு தன் செலவைத் தானே தாங்கினால் அதை மூடாதீர்கள். தொகுப்புக்குப் புதிய காணொளி எடுப்பதை இன்றே நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் ஒரே ஒரு வேலைத்திறன் பாடம் செய்து பாருங்கள். ஒரே நேரத்தில் ஆறு பாடம் தொடங்குகிறவர்கள் ஆறையும் அரைகுறையாக விடுகிறார்கள்.

இன்னொன்று: வாங்குபவர் மாறுகிறார். துணைப்பாடத்தில் பணம் கொடுப்பவர் பெற்றோர், படிப்பவர் பிள்ளை. நிறுவனப் பயிற்சியில் பணம் மனிதவளப் பிரிவிலிருந்து வரும், படிப்பவர் ஊழியர், பயன் தெரிந்ததா என்று சொல்லப்போகிறவர் அவருடைய மேற்பார்வையாளர். அந்த மூன்றாவது ஆளைச் சந்திக்காமல் பாடம் எழுதுவதுதான் துணைப்பாடத்திலிருந்து வருபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு.

செங்காங், கணக்கியல் ஆசிரியை: எங்களிடம் கணக்கியல் பாடத்துக்கு நிறைய காணொளிகள் இருக்கின்றன. அவற்றையே பெரியவர்களுக்குக் கொடுக்க முடியாதா?

பத்தில் ஒன்றிரண்டு உதவும் டீச்சர். மீதி உதவாது. தேர்வுப் பாடம் தலைப்பு வாரியாகப் போகும். வேலைத்திறன் பாடம் ஒரு வேலையில் தொடங்கி அந்த வேலையில் முடிய வேண்டும். வங்கிக் கணக்குச் சரிபார்ப்பையே எடுத்துக்கொள்வோம். பாடநூலில் இது பெரும்பாலும் காசோலைகளைச் சுற்றியே இருக்கும். இங்கே நிறுவனக் காசோலைகளைப் படிப்படியாக நிறுத்திவருகிறார்கள். இன்றைய கணக்கு உதவியாளர் பார்ப்பது ஜைரோ (வங்கிக்கணக்கு வழித் தானியங்கிச் செலுத்தல்), பேநவ் (கைப்பேசி வழி உடனடிப் பணமாற்று), அட்டை வரவு. எனவே பயிற்சிக் கோப்பை இப்படி அமையுங்கள்:

கடையின் ஏட்டில் இருப்பு 12,480 வெள்ளி. வங்கி அறிக்கையில் 12,175. வித்தியாசம் 305. உள்ளே நான்கு காரணங்களை ஒளித்துவையுங்கள். வங்கிக் கட்டணம் 35 ஏட்டில் ஏறவில்லை. ஜைரோ வழி வந்த 620 ஏட்டில் ஏறவில்லை. 540 வெள்ளி செலவு 450 என்று பதிவாகியிருக்கிறது. மாதக் கடைசி சனிக்கிழமை அட்டை விற்பனை 800 ஏட்டில் ஏறிவிட்டது, ஆனால் திங்கட்கிழமைதான் வங்கிக்கு வரும். 35, 90, 800 மூன்றையும் கூட்டி 620ஐக் கழித்தால் 305.

மற்ற மூன்றையும் கண்டுபிடித்தபின் மிஞ்சுவது 90. அது ஒன்பதால் வகுபடுகிறது. அப்படி வந்தால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகிக்கச் சொல்லிக்கொடுங்கள். ஏட்டில் தேடவேண்டிய இடம் உடனே சுருங்கிவிடும்.

மதிப்பீட்டுக்கு அதேபோல் வேறொரு கோப்பு, 45 நிமிடம். பிறகு 10 நிமிடம் வாய்மொழி: எந்த வித்தியாசத்துக்கு ஏட்டில் பதிவு போட வேண்டும், எதற்கு வேண்டாம்? மேலே உள்ளதில் மூன்றுக்குப் பதிவு உண்டு. அட்டை விற்பனைக்கு இல்லை, அது தானாகச் சரியாகும். கோப்பில் பொருத்திப் பார்க்க ஏஐ கருவியைப் பயன்படுத்தினாலும் தடுக்காதீர்கள், அலுவலகத்திலும் அப்படித்தான் செய்வார். இந்த வாய்மொழிக் கேள்வியில் மட்டும் அவர் சொந்தக் காலில் நிற்க வேண்டும். காணொளியைவிட இந்தக் கோப்பைத் தயாரிக்க அதிக நேரம் ஆகும். ஆகட்டும், நிறுவனம் பணம் கொடுப்பது இதற்குத்தான்.

ஜூரோங் ஈஸ்ட், நிறுவன இயக்குநர்: ஸ்கில்ஸ்ஃபியூச்சர் மானியம் கிடைத்தால்தான் பாடம் விற்கும் என்கிறார்கள். எப்படி வாங்குவது? எங்கே சிக்கல்?

நிறுவனமாகப் பதிவு செய்து, அரசின் திறன் பயிற்சி அமைப்பான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூரிடம் பயிற்சி நிறுவன அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாக ஒப்புதல். எந்தத் திறன் கட்டமைப்பில் (துறைவாரித் திறன் பட்டியல்) எந்தத் திறனுக்கு இந்தப் பாடம், மணிவாரியான பாடத்திட்டம், மதிப்பீட்டுத் திட்டம், பயிற்றுவிப்பாளர் தகுதி எல்லாம் கேட்பார்கள். டபிள்யூஎஸ்கியூ (தேசிய வேலைத்திறன் தகுதி) பாடம் நடத்துபவரிடம் ஏசிஎல்பி என்னும் பயிற்றுவிப்பாளர் சான்றிதழ் எதிர்பார்க்கப்படும். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை இது. அந்த இடைவெளிக்குக் கையில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பெரிய சிக்கல் பணப்புழக்கம். 800 வெள்ளிப் பாடத்துக்கு 20 பேர் வருகிறார்கள், எல்லாருக்கும் 70 விழுக்காடு மானியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டியை விட்டுவிடுவோம். நீங்கள் வாங்கக்கூடியது ஆளுக்கு 240, மொத்தம் 4,800 வெள்ளி. மீதி 11,200 வெள்ளியைப் பிறகு கோரிப் பெறுகிறீர்கள். பயிற்றுவிப்பாளர் சம்பளமும் இட வாடகையும் அதுவரை அந்த 4,800க்குள் அடங்க வேண்டும். அடங்காது. ஆகவே தொடர்ந்து இரண்டு மூன்று வகுப்பு நடத்தும் செலவைக் கையிருப்பில் வைக்காமல் அட்டவணை போடாதீர்கள்.

அடுத்தது வருகைப்பதிவு. 75 விழுக்காடு வருகை இல்லாதவருக்கும் மதிப்பீட்டை முடிக்காதவருக்கும் மானியம் கோர முடியாது. மூன்று பேர் அப்படி விழுந்தால் 3 முறை 560, அதாவது 1,680 வெள்ளி தொங்கும். இழப்பு யாருடையது என்று பதிவுப் படிவத்திலேயே எழுதி, கையொப்பம் வாங்கிவிடுங்கள். ஜூம் வகுப்பில் அடிக்கடி நடப்பது இது: காலையில் சிங்பாஸ் (அரசின் மின்னடையாளம்) வழி பதிவு செய்தவர் மதிய அமர்வில் மறந்துவிடுவார். இடைவேளை முடிந்த முதல் ஐந்து நிமிடம் பாடம் நடத்தாமல் கியூஆர் குறியீட்டைத் திரையில் வைத்து, ஒருவர் விடாமல் பெயர் சரிபாருங்கள். மாலையில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டால் சரிசெய்ய முடியாமலே போகும்.

கெடுபிடி ஏன் இவ்வளவு என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. 2017ல் போலி நிறுவனங்கள் வழியாக ஏறத்தாழ 40 மில்லியன் வெள்ளி பயிற்சி மானியம் சுருட்டப்பட்டது. அது பொதுப்பணம். என் பார்வையில் இந்தக் கெடுபிடி நியாயமானது.

அங்கீகாரம் வாங்கும் வசதி இல்லாவிட்டால், உங்கள் பயிற்சிக் கோப்புகளையும் மதிப்பீடுகளையும் ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்கு உரிமம் கொடுங்கள். சிறிய குழுக்களுக்கு இதுவே பாதுகாப்பான முதல் படி.

காக்கி புக்கிட், மனிதவள நிர்வாகி: 30 பேர் உள்ள நிறுவனம். ஆளுக்கு ஒரு ஆன்லைன் நூலகச் சந்தா வாங்கலாமா, மானியப் பாடத்துக்கு அனுப்பலாமா?

என்ன வேலை மேம்பட வேண்டும் என்று ஒரு வாக்கியத்தில் எழுத முடிந்தால் மானியப் பாடம். எழுத முடியாவிட்டால் இரண்டுமே வேண்டாம், முதலில் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். நூலகச் சந்தாவில் தானாகவே உட்கார்ந்து முடிப்பவர்கள் மிகக் குறைவு. வேலை நேரத்தில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுக்காவிட்டால் அந்தப் பணம் வீண்.

உங்கள் பங்குகளில் 30 விழுக்காடாவது உள்ளூர்க்காரர்களிடம் இருந்து, ஊழியர் எண்ணிக்கை 200க்குள் இருந்தால் சிறு நிறுவனச் சலுகை உண்டு: சிங்கப்பூரர், நிரந்தரவாசி ஊழியர்களுக்குப் பாடக் கட்டணத்தில் 70 விழுக்காடு வரை. பயிற்சி நேரத்துக்கு ஈடாக மணிக்கு 4.50 வெள்ளி வரை கோரலாம். 16 மணி நேரப் பாடத்துக்கு அதிகபட்சம் 72 வெள்ளி. வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டண மானியம் கிடையாது, அவர்களுக்கு முழுக் கட்டணத்தை வரவுசெலவுத் திட்டத்தில் போடுங்கள்.

நிறுவனம் அனுப்பும் பாடத்துக்கு ஊழியரின் சொந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டைக் கேட்காதீர்கள். அது அவர் சொந்த முயற்சியில் படிக்க அரசு கொடுத்தது.

தெம்பனிஸ், 43 வயது: 4,000 வெள்ளி கிரெடிட் இருக்கிறது. எந்த ஆன்லைன் பாடத்துக்கும் பயன்படுத்தலாமா?

முடியாது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் வந்த அந்தத் தொகை, வேலைவாய்ப்போடு தொடர்புள்ள குறிப்பிட்ட பாடங்களுக்கு மட்டும். பாடத்தின் பக்கத்தில் அந்த கிரெடிட் ஏற்கப்படும் என்று இருக்கிறதா பாருங்கள். காலாவதி இல்லை, அவசரப்படாதீர்கள். பாடம் தொடங்கும் முன்பே கோரிக்கை போட்டுவிடுங்கள். தொழிற்சங்க உறுப்பினரானால் யூடாப் என்னும் சங்கத்தின் பயிற்சி உதவியையும் பாருங்கள்: ஆண்டுக்கு ஒரு வரம்புக்குள், மானியம் போக நீங்கள் கட்டும் கட்டணத்தில் பாதி.

பாய லேபார், தொழில்நுட்பப் பிரிவு: ஒரு வாடிக்கையாளரின் கற்றல் தளத்தில் எங்கள் பாடத்தை ஏற்றினோம். பாதியில் விட்டவர்கள் திரும்ப வந்தால் முதலிலிருந்து தொடங்குகிறது. ஏன்?

பெரும்பாலும் ஸ்கார்ம் 1.2, அதாவது பாடத்தைக் கற்றல் தளத்தோடு இணைக்கும் தரநிலையின் பழைய பதிப்பு. எங்கே நிறுத்தினார் என்ற குறிப்பைச் சேமிக்க அதில் 4,096 எழுத்துக்குத்தான் இடம். கேள்விகளும் கிளைகளும் நிறைந்த நீண்ட பாடத்தில் அது நிரம்பியதும் சேமிப்பு தோற்கும். சில தளங்கள் பிழை காட்டுவதே இல்லை. பாடத்தை 20 நிமிடத் துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனிப் பொதிகளாக ஏற்றுங்கள். அல்லது தளம் ஏற்றால் ஸ்கார்ம் 2004 நான்காம் பதிப்பு. அதில் 64,000 எழுத்து. சோதிக்கும்போது முதல் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது போதாது. கடைசிப் பகுதிவரை போய், எல்லாக் கேள்விக்கும் விடை கொடுத்து, மூடிவிட்டுத் திரும்ப வாருங்கள்.

துவாஸ், பாதுகாப்பு மேற்பார்வையாளர்: அண்ணே, எங்கள் தளத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் அதிகம். உயரத்தில் வேலை செய்வது பற்றித் தமிழில் கைப்பேசிப் பாடம் செய்யச் சொல்கிறார்கள். எப்படி அமைப்பது?

தம்பி, சட்டப்படி கட்டாயமான வகுப்புக்கு இது மாற்று ஆகாது, அதை நிர்வாகத்திடம் எழுத்தில் சொல்லிவிடு. நினைவூட்டும் பாடமாகச் செய். மூன்று நிமிடக் காணொளி, ஒரு காணொளிக்கு ஒரே செயல். பேச்சுத்தமிழ்க் குரல், திரையில் குறைந்த எழுத்து. கோப்பு சிறியதாக, தங்குவிடுதி வைஃபையில் இறக்கிவைத்துப் பார்க்கும்படி இருக்கட்டும். இரவு ஒன்பது மணிக்குமேல் களைத்துப்போனவர் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டு செய்.

உங்கள் தளத்துப் படங்களையே போடு. மூன்று மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலைக்கு, அதைத் தொடங்கும் முன் எழுத்து அனுமதித் தாள் (permit to work) தேவை என்று மட்டும் சொன்னால் போதாது. உங்கள் தளத்தில் அந்தத் தாள் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது, அதில் இன்றைய தேதி எந்த மூலையில் இருக்கிறது என்று காட்டு. கடைசியில் நான்கு விடையில் ஒன்றைத் தட்டும் கேள்வி வேண்டாம், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தட்டிவிடுவார்கள். மறுநாள் காலைக் கூட்டத்தில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கயிற்றுக் கொக்கியை எங்கே மாட்டுவாய் என்று செய்துகாட்டச் சொல். தப்பாக மாட்டினால் திட்டாதே. அடுத்த முறை தெரியாததை மறைத்துவிடுவான், அங்கேதான் உயிர் போகும்.

புக்கிட் பாத்தோக், முதலீட்டாளர்: வீட்டுப்பாடச் சந்தையை விழுங்கிய ஏஐ, இந்தச் சந்தையையும் விழுங்காதா?

காணொளி நூலகத்தை மட்டும் விற்றால் விழுங்கும். கேட்டவுடன் விளக்கம் சொல்ல ஏஐ இருக்கிறது. செய்யவைத்து, பார்த்து, இவருக்கு இது வரும் என்று கையொப்பமிடும் பொறுப்பை ஒரு நிறுவனம் ஏற்க வேண்டியிருக்கிறது. நிறுவனத்தின் கணக்கைக் கேட்கும்போது காணொளிகளின் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். மதிப்பீட்டாளர்கள் எத்தனை பேர், சென்ற ஆண்டு வாங்கிய வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை ஆள் அனுப்பினார்கள் என்று கேளுங்கள்.

ஈசூன், புதிதாகத் தொடங்குபவர்: முதல் நிறுவன வாடிக்கையாளருக்கு இலவசமாகச் செய்து கொடுக்கலாமா?

வேண்டாம். இலவச வகுப்புக்கு நிறுவனங்கள் அந்த வாரம் வேலை இல்லாதவரை அனுப்பும். பயிற்சி தேவைப்படுபவர் வரமாட்டார். பாதி விலை வாங்குங்கள். பதிலுக்கு இரண்டு நிபந்தனை: மேற்பார்வையாளர் முன்கூட்டி ஒரு மணி நேரம் உங்களோடு உட்கார வேண்டும், ஆறு வாரம் கழித்து, பயிற்சி பெற்றவர் அந்த வேலையைச் செய்வதை நீங்கள் நேரில் பார்க்க அனுமதிக்க வேண்டும்.