ஒன்பதாம் வசனம் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

நான் சி.எஸ்.ஐ. சபை. மச்சான் இப்போது பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். வேதத்தில் எபிரெயர் 6:4-6ஐக் காட்டி, விசுவாசத்தை மறுதலித்துப்போனவனுக்கு மறுபடியும் மனந்திரும்புதல் கிடையாது என்கிறார். யோவான் 10:28ல், இயேசு தம்முடைய ஆடுகளைப் பற்றி, 'ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை' என்று இருக்கிறதே! எது சரி? இளவயதில் சில வருஷம் சர்ச்சுப் பக்கமே போகாதவன் நான். ராத்திரி தூக்கம் இல்லை.

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள தம்பி,

போன வாரம்தான் அதே அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மச்சானோடு நடக்கும் வழக்கை விடுங்கள். 1618-19ல் நெதர்லாந்தின் டோர்ட் நகரத்தில் சினோடு, அதாவது சபைப் பேரவை கூட்டி ஆறு மாதம் பேசி, மெய்யான விசுவாசியைக் கர்த்தர் கைவிட மாட்டார் என்று தீர்ப்பு எழுதினார்கள். அடுத்த நூற்றாண்டில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதை ஏற்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைச் சோற்றுக்கு முன்னால் தீர்த்துவிடுவீர்களாக்கும்!

ஆறாம் வசனத்தில் ஏன் நிறுத்தினீர்கள்? அதுதான் எனக்குக் கோபம். புதிய ஏற்பாட்டின் வசன எண்ணெல்லாம் 1551ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டது. எழுதியவர் எழுதியது கடிதம். தினம் ஒன்றாகக் கிழிக்க அது காலண்டரா? ஒன்பதாம் வசனத்தைப் பாருங்கள்: 'பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்.' மறுதலித்தவர்களைச் சொல்லும்போது 'அவர்கள்'. இங்கே 'உங்களிடத்தில்'. 13 அதிகாரம் உள்ள நிருபத்தில் அவர் 'பிரியமானவர்களே' என்று கூப்பிடுவது இந்த ஒரே இடத்தில். அதுவும் அவ்வளவு கடுமையாகப் பேசிய அதே மூச்சில்.

எங்கள் சின்ன மாமா ரப்பர் ஷீட் விற்ற காசையெல்லாம் குடித்தார். பாட்டி வாசலில் நின்று, "இனி இந்தப் படியைச் சவுட்டினா காலை வெட்டிருவேன், கேட்டியா" என்பாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு ரோட்டைப் பார்த்து நடப்பார். பத்தடி போயிருக்க மாட்டார், "மக்களே, கஞ்சி ஆறிப்போவுது" என்று குரல் வரும். நாற்பது வயது ஆளை மக்களே என்று கூப்பிடுகிற ஊர் நம்முடையது, உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். முதலில் சொன்னது வெறும் மிரட்டல் என்று நினைக்காதீர்கள். வெட்டுக்கத்தி கையிலேயே இருக்கும்.

அப்புறம் ஒரு வருஷம், கன்வென்ஷனுக்கு வந்த பிரசங்கியார் ஆறாம் வசனம் வரை வாசித்துவிட்டு வேதத்தை மூடினார். கடைசி வரிசையில் மாமா. குடியை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. பிறகு அவர் சர்ச்சுக்குள் வந்தது பெட்டியில்தான். போன வாரம் அவருடைய நினைவு நாள்.

அந்தப் பிரசங்கியாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதற்கும் ஒரு வசனத்தை யாராவது அனுப்புவீர்கள், தெரியும்.

இன்று ராத்திரி ஆறாம் அதிகாரத்தை வாய்விட்டு வாசியுங்கள், நங்கூரம் வருகிற 19ஆம் வசனம் வரைக்கும். மச்சானையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஒன்பதாம் வசனத்தை அவர் வாசிக்கட்டும்.