அணுமின் நிலையத்தில் காற்றை வடிகட்டுவது எப்படி? கேள்வி பதில்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, காற்றோட்டத் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரின் பதில்கள்.

குன்னூர், கல்லூரி மாணவி: சார், ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும் என்கிறார்கள். அது ஒன்றே போதாதா?

துகளுக்குப் போதும், வாயுவுக்கு உதவாது. சீசியம்-137 போன்ற கதிரியக்கப் பொருள்கள் தூசியில் ஒட்டிக்கொண்டு வரும். கண்ணாடி இழைத் தாளில் சிக்கும். பெரிய துகள் இழையில் மோதி மாட்டும். மிகச் சிறியது அலைந்து திரிந்து எப்படியும் இழையைத் தொட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நழுவப் பார்க்கும், அதனால்தான் 0.3-ஐ வைத்துச் சோதிக்கிறார்கள். கதிரியக்க அயோடின்-131 தனி வாயுவாகவும் வரும், மீத்தைல் அயோடைடு என்ற சேர்மத்தின் ஆவியாகவும் வரும். அதற்குக் கரி நிரப்பிய அடுக்கு, அதாவது கரிப்படுகை வேண்டும். செனான், கிரிப்டான் என்ற அரிய வாயுக்கள் ஹெப்பாவிலும் கரியிலும் நிலையாகச் சிக்காது.

கோத்தகிரி, தேயிலைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர்: வணக்கம் சார். மஞ்சு இறங்கும் நாட்களில் இலையை வாட்டும் எங்கள் வித்தரிங் ட்ரஃபில் (நீளத் தொட்டியில்) சூடான காற்று கலக்காமல் இலை வாடாது. அணுமின் நிலையத்திலும் கரிக்கு முன்னால் ஹீட்டர் வைப்பார்களாமே, அதே காரணமா?

கிட்டத்தட்ட அதேதான். ஈரக் காற்று இலையிலிருந்து தண்ணீரை வாங்க மறுக்கிறது. இங்கே அதே ஈரம் கரியின் நுண்துளைகளுக்குள் முதலில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அயோடினுக்கு இடம் இருப்பதில்லை.

இந்தக் கரி பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டைக் கரி. தனி அயோடினை வெறும் கரியே பிடித்துவிடும். சிக்கல் மீத்தைல் அயோடைடில்தான். அதற்காகக் கரியில் பொட்டாசியம் அயோடைடையோ, டெடா என்ற அமீன் வகை வேதிப்பொருளையோ ஊற வைக்கிறார்கள். டெடா அதிகபட்சம் 5 சதவீத எடை. பொட்டாசியம் அயோடைடு இருந்தால் கதிரியக்க அயோடின் அதிலுள்ள சாதாரண அயோடினோடு இடம் மாறிக்கொள்ளும். டெடா வேதிப்பிணைப்பு போட்டு இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் போனால் திறன் சரியத் தொடங்கும், 95-ஐ நெருங்கினால் வேகமாக விழும். அதனால் 70-க்குள் வைக்க ஹீட்டர். கணக்கு எளிது: 20 டிகிரியில் நிறைஈரமாக (100 சதவீதம்) உள்ள காற்றை 26 டிகிரிக்கு ஏற்றினால் ஈரப்பதம் 70-க்கு இறங்கும். மணிக்கு 1700 கன மீட்டர் ஓட்டத்துக்கு அந்த 6 டிகிரிக்கு ஏறக்குறைய 3.5 கிலோவாட் ஆகும். ஆனால் ஹீட்டர் நீர்த்துளியை ஆவியாக்கும் என்று நம்பி உட்காரக்கூடாது. துளிகளைப் பிடிக்க அதற்கு முன்பே டெமிஸ்டர் இருக்க வேண்டும். நனைந்த ஹெப்பா தாளில் அழுத்த வேறுபாடு ஏறும், தாள் கிழியும்.

வரிசை இப்படி: டெமிஸ்டர், ஹீட்டர், முன்வடிகட்டி, ஹெப்பா, கரி, மறுபடி ஒரு ஹெப்பா, கடைசியில் விசிறி. பின்னால் வரும் ஹெப்பா கரித்தூளைப் பிடிக்க. விசிறியைக் கடைசியில் வைப்பதால் பெட்டி முழுக்க உறிஞ்சும் நிலையில் இருக்கும். ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே வரும், உள்ளிருப்பது வெளியே கசியாது.

அதே நபர்: கரி எவ்வளவு கனம்?

50 மி.மீ. படுகை, காற்றின் வேகம் நொடிக்கு 0.2 மீட்டர் என்றால், காற்று கரிக்குள் இருப்பது கால் நொடிதான். அந்த வேகத்துக்கு மேல் விசிறியை ஓட விட்டால் கரி நல்லதாக இருந்தும் பயனில்லை. இன்னொன்று: கரிக்கு அயோடின் மட்டும் பிடிக்கும் என்று விதியில்லை. பக்கத்து அறையில் பெயின்ட் அடித்தால், தின்னர் வைத்துத் துடைத்தால், வெல்டிங் செய்தால் அந்த ஆவியையும் அதே ஆசையோடு வாங்கிக்கொள்ளும். பராமரிப்பு நேரத்தில் கரி அப்படித்தான் பெரும்பாலும் கெடுகிறது. அந்த நாட்களில் பிரிவைத் தனிமைப்படுத்தி வைப்பதோடு, பிறகு மாதிரி எடுத்து மீத்தைல் அயோடைடு சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

ஊட்டி, ஏசி மெக்கானிக்: ஃபில்டர் தரச் சான்றிதழோடு வருகிறது. மாட்டிய பிறகு மறுபடி ஏன் சோதனை? நேரம் வீண் இல்லையா அண்ணே?

சான்றிதழ் தாளுக்குத்தான், நீங்கள் மாட்டிய விதத்துக்கு இல்லை! வழக்கமான ஹெப்பா 610 × 610 × 292 மி.மீ.; மணிக்கு 1700 கன மீட்டர் ஓட்டத்தில் அழுத்த வேறுபாடு 25 மி.மீ. நீர்மட்டம். அந்த அழுத்தத்தில் கேஸ்கட் ஓரத்தில் 5 மி.மீ. விட்டத் துளைக்குச் சமமான இடைவெளி இருந்தாலே, ஏறக்குறைய 0.05 சதவீதக் காற்று வடிகட்டாமல் போய்விடும். பொருத்தியபின் அனுமதிக்கும் எல்லையே அதுதான். ஒரு பக்கத்து போல்ட்டை இறுக்கி எதிர்ப்பக்கத்தை மறந்தால் அந்த இடைவெளி தானாக வந்துவிடும். நான்கு மூலையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கேஸ்கட் சமமாக நசுங்கியிருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

சோதனைக்கு எண்ணெய்ப் புகைத்துகளை முன்பக்கம் விட்டு, முன்னும் பின்னும் ஃபோட்டோமீட்டரில் அளப்பார்கள். புகை காற்றோடு சரியாகக் கலக்காமல் அளந்தால் பொய்யாகத் தேறிவிடும், அதனால் முதலில் கலப்பைச் சரிபார்க்க வேண்டும். கரிப்படுகைக்கு இந்தப் புகை உதவாது; குளிர்பதன வாயு போன்ற ஒன்றை விட்டு ஓரக்கசிவைப் பார்ப்பார்கள்.

ஊட்டி, இயற்பியல் மாணவர்: வாக்யூம் கிளீனரில் கண்ணாடி இழைத் தாளைக் கட்டி, வீட்டுக்குள் காற்றை இழுத்தேன். கதிரியக்கத்தை எண்ணும் கைகர் கருவியில் எண்ணிக்கை ஏறுகிறது. கல்பாக்கத்திலிருந்து வந்ததா?

இல்லை தம்பி. பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம், தோரியம் வழியாக வரும் ரேடான், தோரான் என்ற கதிரியக்க வாயுக்கள். வாயு தாளைத் தாண்டிப் போய்விடும். அதன் வாரிசுகளான ஈயம்-214, பிஸ்மத்-214 தூசியில் ஒட்டித் தாளில் நிற்கின்றன. அரை ஆயுள் (பாதியாகக் குறையும் நேரம்) 27 நிமிடமும் 20 நிமிடமும். நாலைந்து மணி நேரம் கழித்து மறுபடி எண்ணு, பெரும்பகுதி போயிருக்கும். மிச்சம் இருந்தால் தோரான் வழி வந்த ஈயம்-212, அதன் அரை ஆயுள் 10.6 மணி, மூன்று நாள் பொறு. மாதிரித் தாளை எடுத்தவுடன் எண்ணி முடிவு சொல்லக்கூடாது என்று நிலையங்களிலும் வைத்திருப்பது இதனால்தான்.

கொடைக்கானல், ஆசிரியர்: செனான், கிரிப்டானை என்ன செய்வது? புகைபோக்கி வழியே விட்டுவிடுவார்களா?

முடிந்தவரை தாமதப்படுத்துவார்கள். பெரிய கரிப்படுகைகளில் செனான் பல நாட்கள் தங்கித் தங்கி நகரும். செனான்-133-க்கு அரை ஆயுள் 5.2 நாள், 52 நாள் தாமதித்தால் ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சும். கிரிப்டான்-85-க்கு 10.7 ஆண்டு, அதைத் தாமதம் காப்பாற்றாது. அளந்து, வரம்புக்குள் உயரத்தில் விடுவதுதான் வழி. கல்பாக்கத்தின் பழைய இரண்டு உலைகளிலும் கலண்ட்ரியாவை (உலையின் கனநீர்த் தொட்டியை) சுற்றிய அறையில் காற்று இருப்பதால், உலை ஓடும்போது ஆர்கான்-41 என்ற கதிரியக்க வாயு உருவாகும். 110 நிமிட அரை ஆயுள். டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) நீராவியாகப் போவதால், கனநீர் உலைகளில் அந்த ஆவியை மாலிக்குலர் சீவ் என்ற நுண்துளைப் பொருள் நிரப்பிய உலர்த்திகளில் பிடித்து மீட்கிறார்கள். கனநீர் விலை அதிகம் என்பதும் ஒரு காரணம்.

அதே ஆசிரியர்: வீட்டு ஏர் ப்யூரிஃபையர் உதவுமா ஐயா?

தூசிக்கு உதவும். அதிலுள்ள மெல்லிய கரித்தாள் அயோடினுக்குப் போதாது, அரிய வாயுவுக்கு ஒன்றுமே இல்லை. கூடங்குளம் உங்களுக்கு நேர்கோட்டில் 200 கிலோமீட்டருக்கும் மேல், அதற்காக வாங்காதீர்கள்.

குன்னூர், கல்லூரி மாணவி: கழற்றிய ஃபில்டரை என்ன செய்வார்கள் சார்?

கை படாமல், பெட்டியின் வாயில் கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் இழுத்து, நடுவில் சூடேற்றி ஒட்டி அறுத்துவிடுவார்கள். கரியில் இருப்பது அயோடின்-131 மட்டும்தான் என்றால் 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். சீசியம் ஒட்டிய ஹெப்பாவுக்கு அப்படிக் காத்திருக்க முடியாது, அரை ஆயுள் 30 ஆண்டு. நசுக்கி, சிமென்ட்டில் அடைத்து, கழிவுக் குழியில் வைக்க வேண்டும்.