யூனிட் கூடவில்லை, டிமாண்ட் மட்டும் எப்படிக் கூடும்?

கேள்வி: சிறிய பட்டறை நடத்துகிறேன். அனுமதி பெற்ற மின்பளு 20 கிலோவாட். ஸ்மார்ட் மீட்டர் வைத்தபின் வந்த முதல் பில்லில் டிமாண்ட் 26 கிலோவாட் என்று காட்டி, பழைய மாதங்களுக்கும் சேர்த்து அபராதம் கேட்கிறார்கள். யூனிட்டோ வழக்கமான அளவுதான். மீட்டர் பழுது என்று வாதாடலாமா?

பதில்: அந்த வாதத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். யூனிட் கூடாமலேயே டிமாண்ட் கூடும். மீட்டர் ஒவ்வொரு அரைமணிக்கும் (சில இடங்களில் கால்மணிக்கு) ஓடிய யூனிட்டைத் தனியே எண்ணி, அதை நேரத்தால் வகுக்கிறது. அரைமணியில் 13 யூனிட் என்றால் 26 கிலோவாட், அதுதான் டிமாண்ட். அந்த மாதத்தின் உச்சமான அரைமணிதான் பில்லில் ஏறும். வெல்டிங் செட், கம்ப்ரஸர், லேத் மூன்றும் சேர்ந்து ஓடிய ஒரே ஓர் அரைமணி போதும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது சில விநாடி கூடுதலாக இழுப்பது சராசரியில் கரைந்துவிடும், அதைக் காரணமாகச் சொல்ல வேண்டாம்.

முதலில், அந்த உச்சம் பதிவான தேதி, நேரத்தோடு அரைமணிவாரிப் பதிவை எழுத்துமூலம் கேளுங்கள். அந்த நேரத்தில் பட்டறை பூட்டியிருந்தால் மீட்டர் சோதனை கோர வலுவான காரணம் கிடைத்துவிடும். அளவு கிலோவாட்தானா, கேவிஏவா (மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வரும் மொத்த அளவு) என்றும் பாருங்கள். திறன் காரணி (அந்த மொத்தத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.8 என்றால் 20.8 கிலோவாட்டே 26 கேவிஏ ஆகிவிடும்.

பழைய மாத அபராதம்தான் உங்கள் வழக்கின் உயிர்நாடி. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2023-இல் வந்த திருத்தம், ஸ்மார்ட் மீட்டர் காட்டும் டிமாண்டை வைத்து, அது பொருத்தப்படுவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் விதிக்கக் கூடாது என்கிறது. மின்பளுவை உயர்த்துவதானாலும், ஒரு நிதியாண்டில் மூன்று முறையாவது மீறியிருக்க வேண்டும். நடப்பு மாத பில் பதிவான டிமாண்டின்படிதான் வரும், அதை எதிர்ப்பதில் பயனில்லை.

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 42(5)-இன் கீழ் குறைதீர் மன்றத்தில் மனு போடுங்கள். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார். இணைப்பைத் துண்டிப்பார்களோ என்ற பயம் வேண்டாம். கேட்ட தொகை, அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரி, இரண்டில் குறைவானதை எதிர்ப்புடன் கட்டினால், தகராறு முடியும்வரை துண்டிக்கப் பிரிவு 56 இடம் தராது.

வந்த நோட்டீஸில் பிரிவு 126 (அங்கீகாரமற்ற மின்பயன்பாட்டுக்கான மதிப்பீடு) என்றிருந்தால் பாதையே வேறு. அனுமதித்த பளுவைத் தாண்டுவதையும் அங்கீகாரமற்ற பயன்பாடாக உச்ச நீதிமன்றம் கருதியிருக்கிறது. அப்போது குறைதீர் மன்றம் கைகொடுக்காது. மதிப்பீட்டு அதிகாரியிடம் உடனே ஆட்சேபம் தர வேண்டும். இறுதி உத்தரவு பாதகமாக வந்தால், 30 நாளுக்குள் பாதித் தொகையைக் கட்டி, பிரிவு 127-இல் மேல்முறையீடு செய்ய வேண்டும்.