மெக்னீசியம் சாப்பிட்டால் உடம்பில் அழற்சி குறையுமா?

கேள்வி இதுதான்: சிஆர்பி (உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) கொஞ்சம் அதிகமாக வந்திருக்கிறது, மெக்னீசியம் மாத்திரை போட்டால் இறங்குமா?

உடம்பில் மெக்னீசியம் போதாமல் இருந்தால் இறங்க வாய்ப்பு உண்டு. போதிய அளவு இருப்பவருக்கு, மேற்கொண்டு மாத்திரை போடுவதால் பெரிய பலன் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது இது: ஆரம்பத்திலேயே சிஆர்பி கூடுதலாக இருந்தவர்களுக்குத்தான் ஓரளவு குறைந்தது.

காரணம் சுவாரசியமானது. செல்லுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிப் புகாமல் பார்த்துக்கொள்வது மெக்னீசியம். அது குறைந்தால் நோய் எதிர்ப்பு செல்களுக்குள் கால்சியம் கூடும். உடனே, அழற்சியைத் தூண்டும் என்எஃப் கப்பா பி என்ற புரதம் விழித்துக்கொள்ளும். ஐஎல்-6, டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்கள் சுரக்கத் தொடங்கும். கிருமியும் இருக்காது, காயமும் இருக்காது, ஆனாலும் உடம்பு சண்டைக்குத் தயாராகிவிடும். மெக்னீசியம் இல்லாத தீவனம் கொடுத்து வளர்த்த எலிகளுக்குச் சில நாட்களிலேயே காது சிவந்துபோகும், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறிவிடும். திரும்ப மெக்னீசியம் கொடுத்தால் அடங்கும்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட்டில் மெக்னீசியம் 1.8 என்று வந்தால் "நார்மல்தானே" என்று நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். எனக்குத்தான் மனசு கேட்காது. உடம்பிலுள்ள மெக்னீசியம் மொத்தம் ஏறக்குறைய 25 கிராம். அதில் பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது, ரத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. ரத்தத்தில் குறைந்தால் எலும்பு கொடுத்துச் சரிக்கட்டும், சிறுநீரகம் வெளியே விடாமல் பிடித்து வைக்கும். அதனால் அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சர்க்கரை நோய், நாள்பட்ட வயிற்றுப்போக்கு, குடிப்பழக்கம், வருஷக்கணக்கில் அசிடிட்டி மாத்திரை, சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை, இதில் ஏதாவது இருந்தால் குறைபாடு இருக்குமோ என்று சந்தேகப்படலாம்.

சரி, எவ்வளவு தேவை? பெரியவர்களில் ஆண்களுக்குத் தினமும் 400 முதல் 420 மில்லிகிராம், பெண்களுக்கு 310 முதல் 320. ஒரு கைப்பிடி பூசணி விதையிலேயே ஏறக்குறைய 150 மில்லிகிராம் கிடைத்துவிடும். பாதாம், கீரை, பருப்பு, தீட்டாத தானியம் எல்லாவற்றிலும் உண்டு. தானியத்தைத் தீட்டத் தீட்ட மெக்னீசியமும் தவிட்டோடு போய்விடும். என்னைக் கேட்டால் முதலில் சாப்பாடுதான். அதிலுள்ள நார்ச்சத்தும் அழற்சியைக் குறைக்க உதவும், மாத்திரையில் அது கிடையாது.

மாத்திரைதான் வேண்டும் என்றால் மெக்னீசியம் ஆக்ஸைடைவிட மெக்னீசியம் சிட்ரேட் நன்றாக உறிஞ்சப்படும். டாக்டர் சொல்லாமல், மாத்திரையில் மட்டும் தினமும் 350 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம், வயிற்றால் போகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாங்களாகத் தொடவே கூடாது. வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் சேர்ந்து இதயத் துடிப்பையே பாதிக்கும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நடுவில் 4 மணி நேரமாவது விடுங்கள். சில ஆன்டிபயாடிக்குகளுக்கும் இடைவெளி தேவை.

அப்புறம், சளி, பல் வீக்கம் மாதிரி சின்ன விஷயத்துக்கே சிஆர்பி ஏறும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மெக்னீசியத்தை ஓரமாக வைத்துவிட்டு, எங்கே அழற்சி என்று டாக்டரிடம் காட்டிக் கண்டுபிடியுங்கள்.